வெள்ளை சீஸ், மஞ்சள் சீஸ்: நிறத்தை வைத்துச் சொல் ஆக்கலாமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளை சீஸுக்கு ‘வெண்பாற்கட்டி’, மஞ்சள் சீஸுக்கு ‘மஞ்சட்பாற்கட்டி’ என்று இரண்டையும் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாமா என்று குழுவுக்கு வந்த போன மடலில் கேட்டிருந்தார்கள். அவசரம் வேண்டாம். பல்கேரியாவில் உப்புநீரில் ஊறும் வெள்ளையை சிரெனே, மஞ்சளைக் கஷ்கவல் என்று பிரித்துத்தான் பேசுகிறார்கள். அவர்கள் சமையலுக்கு அது போதும். கலைச்சொல்லுக்குப் போதாது.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது? பசு மேயும் புல்லில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற நிறமி பால்கொழுப்பில் தங்குகிறது. நீர் வடிந்து கொழுப்பு செறியும்போது நிறம் தெரிய ஆரம்பிக்கிறது. எருமையும் ஆடும் கரோட்டினை வைட்டமின் ஏ-ஆக மாற்றிவிடுவதால் அவற்றின் பால் வெளுப்பு. ஆக, நிறம் முதலில் மாட்டைப் பொறுத்தது. அடுத்தது சாயம். புதுச்சேரி நேரு வீதிக் கடையில் சீஸ் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் 160பி என்று பொடி எழுத்தில் இருக்கும். அனாட்டோ விதைச் சாயம் அது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வெண்ணெய்க்காக ஆடையை எடுத்துவிட்டு, மிஞ்சிய பாலில் செய்த சீஸும் கொழுத்த பாலில் செய்ததுபோலத் தெரியட்டும் என்று சாயம் கலந்தார்கள். சாயமில்லாத செடார் இன்றும் வெள்ளையாகவே விற்கிறது. ஒரே சரக்குக்கு இரண்டு கலைச்சொல்லா?

வெள்ளைக்குள்ளும் ஒற்றுமை கிடையாது. புதுச்சேரிக் கடைகளில் ஆரோவில் சீஸும் பன்னீரும் ஒரே குளிர்பெட்டியில் கிடக்கின்றன. பன்னீர், சுடுபாலில் எலுமிச்சை பிழிந்து திரிப்பது. தோசைக்கல்லில் போட்டால் சிவக்குமே தவிர உருகாது. மொசரெல்லாவோ இழுத்தால் நூலாக வரும். கிரேக்க ஃபெட்டாவும் வெள்ளைதான், ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தது இரண்டு மாதம் முதிர்ந்த பிறகே அந்தப் பெயரில் விற்கலாம்.

எனவே பால் கட்டியாகும் முறையை வைத்து, பன்னீர் போன்றவற்றுக்குத் ‘திரிபாற்கட்டி’, நொதியால் (என்சைம்) உறையும் சீஸுக்கு ‘உறைபாற்கட்டி’ என்றும், பதப்பட்டவற்றுக்கு ‘முதிர்’ என்ற முன்னொட்டும் வைக்கலாம். புதியதற்குப் ‘பச்சை’ வேண்டாம். பச்சை நிறச் சீஸைத் தேடுவார்கள். ‘பாலாடைக்கட்டி’யும் எனக்கு ஒட்டவில்லை. அதில் ஆடை எங்கே இருக்கிறது?

— புதுச்சேரியிலிருந்து

*

ஐயா, வணக்கம்.

நிறம் வேண்டாம் என்பது சரி. ஆனால் கடலூர்ப் பக்கம் ‘பால் திரிஞ்சு போச்சு’ என்றால் கொட்டிவிட வேண்டியதுதான். அந்தப் பெயரோடு ஒரு பொருளை யார் வாங்குவார்கள்? ‘உறை’ இன்னும் சிக்கல். உறை ஊற்றினால் வருவது தயிர், அது புளிப்பால் உறைவது. நீங்கள் சொல்லும் சீஸ் கன்றின் இரைப்பையிலோ பூஞ்சையிலோ எடுத்த நொதியால் உறைவது. இரண்டும் ‘உறை’ என்றால் மாணவர் குழம்புவார்.

சீம்பாலை எங்கே வைப்பீர்கள்? கன்று ஈன்ற மாட்டின் முதல் பாலை வெல்லமும் ஏலமும் போட்டு ஆவியில் வைத்தால் தானாகக் கட்டியாகிறது. நல்ல மஞ்சள். புளிப்பும் சேர்ப்பதில்லை, நொதியும் சேர்ப்பதில்லை, சூடு மட்டுமே.

திரட்டுப்பால் நமக்குப் பழகிய சொல்தானே, அதிலிருந்தே எடுக்கலாம்: புளித்திரட்டு, நொதித்திரட்டு, வெப்பத்திரட்டு. பன்னீர், சீஸ், சீம்பால்கட்டி மூன்றும் அடங்கிவிடும்.

— கடலூரிலிருந்து

*

அம்மா, மூன்றும் நன்றாக இருக்கின்றன. ‘நொதித்திரட்டு’ மட்டும் நொதித்தலை நினைவூட்டும்; கள்ளும் இட்லி மாவும் அந்தப் பக்கம் நிற்கின்றன. ‘உறைநொதித் திரட்டு’ என்று நீட்டினால் குழப்பம் வராது. நாவுக்குச் சற்று நீளம்தான், ஆனால் பாடநூலில் ஓடும். கடைப் பலகைக்குச் ‘சீஸ்’ இருக்கவே இருக்கிறது, அதை யாரும் அசைக்கப்போவதில்லை.

‘முதிர்’ அப்படியே இருக்கட்டும்: முதிர்திரட்டு. வினைத்தொகை என்பதால் முதிர்ந்ததும் முதிர்ந்துகொண்டிருப்பதும் அதில் அடங்கும். அலமாரியில் இருக்கும் செடார் அப்படித்தானே. வெள்ளை, மஞ்சளைக் குறிப்புப் பத்தியில் ‘நிறம்: பால், தீவனம், சாயத்தைப் பொறுத்தது’ என்று போட்டுவிடுகிறேன். மாற்று இருந்தால் ஞாயிற்றுக்குள் எழுதுங்கள்.

— புதுச்சேரியிலிருந்து