பொருள்: தாளத்துக்குக் கால் இணங்குவதற்கு ஒரு சொல் (வெள்ளிக்கு முன் வேண்டும்)

உப்புவெளி, இயன்மருத்துவர்:

எல்லோருக்கும் வணக்கம். பாரிசவாதம் வந்தவர்களுக்கும் பார்கின்சன் நோயாளருக்கும் தாளத்தோடு நடை பழக்குவது பற்றி இரண்டு பக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வீட்டாருக்கும் பயிற்சி மாணவருக்கும் அதே தாள்தான். தமிழாக்க ஒரு சொல்தான் மிச்சம்: என்ட்ரெயின்மென்ட், அதாவது வெளியே கேட்கும் தாளத்தின் வேகத்துக்குக் கால் தானாக வந்து சேருவது. அகராதியில் ரயிலில் ஏறுதல் என்றும் ஒரு பொருள் கிடக்கிறது. நோயாளியைக் கல் ஓயா ரயில் சந்தியில் கொண்டுபோய் விடும் எண்ணம் நமக்கு இல்லை.

சொல் எங்கே உட்காரவேண்டும் என்று தெரிந்தால் லேசாக இருக்கும். முறை இதுதான். 14 மீற்றர் நேர்ப்பாதை, முதல் 2 மீற்றரும் கடைசி 2 மீற்றரும் கணக்கில் இல்லை. நடு 10 மீற்றருக்கு எத்தனை செக்கன், எத்தனை அடி என்று எண்ணவேண்டும். 25 செக்கனில் 20 அடி என்றால் நிமிடத்துக்கு 48 அடி, வேகம் நிமிடத்துக்கு 24 மீற்றர், ஓரடி அரை மீற்றர். முதலில் தட்டொலியை (மாறாத வேகத்தில் தட்டும் கருவியின் ஒலியை) அதே 48இல் வைத்து நடக்கவிட வேண்டும். கால் தாளத்தோடு நிலைத்த பிறகே 5 முதல் 10 சதவீதம் கூட்டலாம், அதாவது 50, பிறகு 53. அது தேறினால் திரும்புதல், நின்று தொடங்குதல், சரிவுப் பாதை, படி. கடைசியில் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தி, ஒலியில்லாமலே வேகம் நிற்கிறதா என்று மறுபடி 10 மீற்றர் அளக்கவேண்டும்.

‘கால் தாளத்தோடு நிலைத்த பிறகு’ என்று இப்போது சமாளித்திருக்கும் இடத்தில்தான் சொல் வேண்டும். ‘ஒத்திசைவு’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் முதற்படியில் வரும் 48ஐ, நோயாளியின் சொந்த மீடிறனை (நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதை), இந்தத் துறையில் ரெசொனன்ட் மீடிறன் என்கிறார்கள். இந்தியப் புத்தகங்களில் ஒத்திசைவு என்றால் அந்த ரெசொனன்சுதான். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் மாணவர் குழம்புவார்கள்.

நிலாவெளி, பௌதிக ஆசிரியர்:

மிஸ், அந்தப் பாதிச் சிக்கல் நமக்கு இல்லை. ரெசொனன்சுக்கு நம் பாடநூலில் ‘பரிவு’ இருக்கிறது. உயர்தரம் படித்த பிள்ளைக்குப் பரிவு மீடிறன் என்றால் விளங்கும். ஒத்திசைவு சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு வேடிக்கை. 1665இல் ஹைகன்ஸ் என்ற டச்சு விஞ்ஞானி நோயில் படுத்திருந்தபோது, ஒரே தாங்கியில் தொங்கிய இரண்டு ஊசல் மணிக்கூடுகள் எதிரெதிராக, ஆனால் ஒரே கதியில் ஆடுவதைக் கண்டார். குழப்பிவிட்டாலும் அரை மணி நேரத்துக்குள் பழையபடி சேர்ந்துகொண்டன. அதற்கு அவர் வைத்த பெயர் ‘விசித்திரமான பரிவு’ என்ற பொருள்படும். நம்மவர் பரிவு என்ற சொல்லை வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். பரிவு என்பது வெளியிலிருந்து வரும் மீடிறன் பொருளின் இயல்பு மீடிறனோடு பொருந்தும்போது வீச்சம் (ஆட்டத்தின் அளவு) பெருகுவது. இங்கே தேடுவது அது அல்ல. தன்பாட்டில் ஆடிக்கொண்டிருக்கும் ஒன்று, இன்னொன்றின் ஆவர்த்தன காலத்துக்கு (ஓர் ஆட்டத்துக்கு எடுக்கும் நேரத்துக்கு) இழுபட்டு வருவது. ஆகவே என் முன்மொழிவு ‘தாள இழுப்பு’. பிரெஞ்சு மூலத்திலும் இழுத்துச் செல்லுதல் என்ற பொருள்தான்.

கிண்ணியா, தாதி உத்தியோகத்தர்:

சேர், இழுப்பு என்றால் எங்கள் வாட்டில் வலிப்பு, இல்லாவிட்டால் மூச்சு முட்டு. ‘உங்கள் வாப்பாவுக்குத் தாள இழுப்பு வரவைக்கப் போகிறோம்’ என்று சொன்னால் அன்றைக்கே துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

தம்பலகாமம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்பர்களே, இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் அலையவேண்டும்? சீரும் சீரும் பொருந்துவதற்கு யாப்பில் பெயர் ‘தளை’. அடி, சீர், தளை மூன்றும் ஏற்கெனவே நம்மிடம் உண்டு. உங்கள் நோயாளி வைப்பதும் அடிதானே? சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழோடும் குழலோடும் சேர்த்துச் ‘சீர்’ என்று சொல்லப்படுவது தாளமே. ஆகவே ‘சீர்த்தளை’.

அது கடினம் என்றால் இன்னொன்று இருக்கிறது. திருக்கோலக்காவில் ஞானசம்பந்தப் பிள்ளை கையால் தாளமிட்டுப் பாடியதைச் சேக்கிழார் ‘ஒத்தறுத்து’ என்கிறார். பொற்றாளம் கிடைத்த வரலாறு எல்லோருக்கும் தெரியும். அதே பிள்ளைதான் நம் கோணமாமலைக்கும் பதிகம் பாடினார். அந்தப் பதிகம் எப்படித் தொடங்குகிறது? நிரைகழல் அரவம் சிலம்பொலி அலம்பும் என்று. கழலும் சிலம்பும் காலில் கிடப்பவை. அடி வைக்கும்போது அடியே ஒலி எழுப்பும். திருகோணமலையிலிருந்து வரும் கையேட்டுக்கு ‘ஒத்தறுப்பு’ என்பதைவிடப் பொருத்தமான சொல் வேறு எது?

தாளம் என்ற சொல்லே தாள் என்னும் காலிலிருந்து பிறந்தது என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன். தாள், தாழ், தாழ்தல், தாளுதல் எல்லாம் ஒரு வேர்.

நகரம், மிருதங்க ஆசிரியர்:

ஐயா, தாளத்துக்கு உள்ளங்கைதான் மூலம், அது வடசொல் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தாழ்ப்பாள் வரை போகாமல் இங்கேயே நிற்பது நல்லது.

தம்பலகாமம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தாழ்ப்பாளும் அதே வேர்தான். தனி மடலில் எழுதுகிறேன்.

உப்புவெளி, இயன்மருத்துவர்:

ஐயா, பதிகத்தை நினைவூட்டியதற்கு நன்றி. சலங்கை கட்டி நடக்கவைத்தால் நோயாளிக்குத் தன் அடி தனக்கே கேட்கும், ஆனால் அது நடந்து முடிந்த அடியின் செய்தி. தட்டொலியோ வரப்போகும் அடியை முன்கூட்டிச் சொல்கிறது. இடைவெளி மாறாமல் இருப்பதால் அடுத்த தட்டு எப்போது என்று மூளைக்குத் தெரிகிறது, தசை அதற்குமுன்பே ஆயத்தமாகிறது. முறை வேலை செய்வதே இந்த எதிர்பார்ப்பால்தான்.

‘ஒத்தறுத்தல்’ தாளம் போடுகிறவர் செய்யும் வேலை. கால் செய்வதற்கு அது பெயராகாது. தவிர, வைத்தியசாலையில் ‘அறுப்பு’ என்று காதில் விழுந்தால் எந்த நாள் ஒப்பரேஷன் என்று கேட்பார்கள். ‘தளை’ இன்னும் மோசம். பார்கின்சன் நோயில் கால் தரையோடு ஒட்டினாற்போல் உறைந்து நிற்கும். அந்தத் தளையை அவிழ்க்கத்தானே இவ்வளவு பாடும்.

நிலாவெளி சேருக்கு: காலடி தட்டின்மேல் சரியாக விழவேண்டிய கட்டாயம் இல்லை. தட்டுக்குச் சற்று முன்னும் பின்னும் விழலாம். அடிக்கும் அடிக்கும் இடையில் உள்ள நேரம் தட்டுக்கும் தட்டுக்கும் இடையில் உள்ள நேரத்தோடு சேர்ந்தால் போதும். இந்த முறையை உருவாக்கிய மைக்கல் தோட்டின் குழு திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். உங்கள் பாஷையில் ஆவர்த்தன காலம் ஒன்றுபடுகிறது, அவத்தை, அதாவது விழும் கணம், ஒன்றுபடத் தேவையில்லை. (அவத்தையைக் கையேட்டில் போடமாட்டேன். நோயாளிக்கு இருக்கிற அவஸ்தை போதும்.) மாணவர் செய்யும் பெரிய பிழையும் இங்கேதான். ‘தட்டில் வையுங்கோ, தட்டில் வையுங்கோ’ என்று கத்தினால் நோயாளி நடையை விட்டுவிட்டுத் தட்டைத் துரத்துவார், அடி குறுகிவிடும். ‘ஒத்தடி’, ‘உடனடி’ போன்ற சொற்கள் அந்தப் பிழையைச் சொல்லிலேயே ஏற்றிவிடும்.

கோணேசபுரி, சித்த மருத்துவ விரிவுரையாளர்:

நடை என்ற சொல்லை யாரும் தொடவில்லையே. சித்த மருத்துவத்தில் நாடிக்கே நடை உண்டு. வாதம் அன்னம், கோழி, மயில் போல, பித்தம் ஆமை, அட்டை போல, ஐயம் தவளை, பாம்பு போல நடக்கும். தாளத்திலும் நான்கு நான்காகப் போவதைச் சதுசிர நடை, மூன்று மூன்றாகப் போவதைத் திசிர நடை என்கிறோம். கால், நாடி, தாளம் மூன்றுக்கும் பொதுவாக ஒரு சொல் இருக்கும்போது ‘நடையிணக்கம்’ என்று வைத்தால் என்ன?

நகரம், மிருதங்க ஆசிரியர்:

கைக்கும் இந்த முறை உண்டென்றால் ‘நடை’ அங்கே இடிக்கும். ஆனால் தாளப் பேச்சு வந்ததால் கையேட்டில் ஒரு வரி சேர்க்கச் சொல்வேன். ஆதி தாளத்தில் சதுசிர நடை, மத்திம காலம் (நடுத்தர வேகம்), அவ்வளவுதான். கண்டசாப்பு இரண்டும் மூன்றுமாகப் பிரியும். ஒரு காலுக்கு நேரம் குறையும், மற்றதற்குக் கூடும். ஒருபக்கம் வலுவிழந்தவர் ஏற்கெனவே அப்படித்தான் நடக்கிறார், நொண்டலுக்குத் தாளம் போட்டுக் கொடுத்ததாகிவிடும். திசிரத்தில் அழுத்தம் ஒரு முறை வலக்காலிலும் அடுத்த முறை இடக்காலிலும் விழும். ஆலாபனை, விருத்தம் உதவாது, அவற்றில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. தனியாவர்த்தனம் அதைவிடக் கூடாது. கோர்வையில் தட்டைத் தள்ளி எடுப்பது வித்துவானுக்கு அழகு, நோயாளிக்கு விழுகை.

சொல்லுக்கு வருகிறேன். கிழக்குக் கூத்தில் ‘தாளக்கட்டு’ இருக்கிறது. கூத்துப் பழக்கும் அண்ணாவியாரைக் கேட்டால் ஆட்டக்காரரின் கால் தாளக்கட்டுக்குள் நிற்கவேண்டும் என்பார்.

கிண்ணியா, தாதி உத்தியோகத்தர்:

கட்டு என்றால் பெண்டேஜ். மன்னிக்கவேணும் மாஸ்டர்.

நோயாளிகள் தாங்களாகச் சொல்வது ‘தாளம் பிடிபட்டிட்டுது’. ‘தாளப்பிடிப்பு’ என்று எழுத ஆசைதான், ஆனால் அதைத் தசைப்பிடிப்போடு சேர்த்துத்தான் வாசிப்பார்கள். இன்னொன்று: இசை கேட்பதில்லை என்று இருப்பவர்களும் இங்கே இருக்கிறார்கள். தலைப்பில் ‘இசை’ பெரிதாக நின்றால் அவர்கள் தாளை மடித்து வைத்துவிடுவார்கள். வெறும் தட்டொலியே போதும் என்று முதல் பந்தியில் போடுங்கோ. மேசையில் விரலால் தட்டினாலும் சரி, றபான் என்ற கைப்பறையைத் தட்டினாலும் சரி, வேகம் மாறக்கூடாது. மனுசர் கையால் தட்டினால் நோயாளி தடுமாறும்போது தானும் வேகத்தைக் குறைத்துவிடுவார். தாளம் நோயாளிக்குப் பின்னால் போகத் தொடங்கிவிட்டால் பயிற்சி அதோடு போச்சு. அதனால்தான் மெட்ரோனோம் என்ற தட்டுக் கருவி.

நிலாவெளி, பௌதிக ஆசிரியர்:

இது முக்கியமான கருத்து. ஹைகன்சின் மணிக்கூடுகள் ஒன்றையொன்று மாற்றின. கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுகிறவரும் இழுக்கிறவரும் அப்படித்தான், வலை கனத்தால் பாட்டும் தாழும். இங்கே ஒருவழிப் பாதை. ‘உடன்’, ‘இயைபு’, ‘இணக்கம்’ எல்லாம் இருவழிச் சொற்கள். ஒத்திசைவை விட்டுக்கொடுத்துவிட்டேன்.

மூதூர், பேச்சு மொழிச் சிகிச்சையாளர்:

சற்றே விலகிப் போகிறேன். சொல்லைப் பொருள் பாராமல் எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் துறையில் ஓர் உதாரணம். பேச்சிழந்தவர்களுக்கு மெட்டோடு சொல் பழக்கும் முறை 1973இல் பொஸ்டனில் வந்தது. விளங்கிக்கொள்வார்கள், ஆனால் வாய் வராது, அப்படிப்பட்டவர்களுக்கு. இரண்டே சுரம், செக்கனுக்கு ஏறக்குறைய ஒரு சிலபிள், ஒவ்வொரு சிலபிளுக்கும் இடக்கையால் ஒரு தட்டு. சிலபிளை ‘அசை’ என்று மொழிபெயர்த்தார்கள். யாப்புப் படித்த மாணவர் ‘பசிக்குது’ என்பதை அலகிட்டார்: பசிக் நிரை, குது நிரை, இரண்டு தட்டு. வேண்டியது ப, சிக், கு, து, நான்கு தட்டு. குறிலிணையை ஓரசையாக்கும் யாப்புக் கணக்குக்கும் வாய் அசையும் கணக்குக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆகவே தம்பலகாமத்து ஐயா மன்னிக்கவேண்டும், யாப்பிலிருந்து கடன் வாங்குவதென்றால் எனக்குப் பயம்.

சொல்: ‘வயப்படுதல்’. தாளம் காலை வயப்படுத்துகிறது, கால் தாளத்துக்கு வயப்படுகிறது. தன்வினை, பிறவினை இரண்டும் கைக்குள். ஒருவழி என்பதும் உள்ளேயே இருக்கிறது. பெயராக்கினால் ‘தாளவயம்’.

தம்பலகாமம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வயம் என்பது வசத்தின் திரிபு, வடமொழி. ஒத்தறுப்பைத் தள்ளிவிட்டு இதை எடுப்பதா? கடினம் கடினம் என்கிறீர்கள். மீடிறனும் முண்ணாணும் (தண்டுவடம்) ஒருநாள் கடினமாகத்தான் இருந்தன, பிள்ளைகள் பழகிக்கொள்ளவில்லையா?

கிண்ணியா, தாதி உத்தியோகத்தர்:

பிள்ளைகளுக்குச் சோதனை இருக்கிறது ஐயா, பழகித்தான் ஆகவேணும். எழுபது வயது உம்மாவுக்கு என்ன கட்டாயம்? வயப்படுத்துதல் என்றால் வசியம் என்று நினைப்பார்களோ என்று எனக்கும் ஒரு யோசனை இருக்கிறது. ஆனால் வலிப்பு, ஒப்பரேஷன், பெண்டேஜோடு பார்த்தால் வசியம் பரவாயில்லை.

கோணேசபுரி, சித்த மருத்துவ விரிவுரையாளர்:

அச்சகத்தில் ‘தாளவயம்’ என்பதைத் ‘தாளலயம்’ என்று திருத்திவிடுவார்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புவெளி, இயன்மருத்துவர்:

வியாழன் இரவாகிவிட்டது. ‘தாளவயம்’ நான்கு பேர், அதில் இருவர் ‘வேறு வழியில்லை’ என்று எழுதியவர்கள். ‘நடையிணக்கம்’ ஒன்று, ‘ஒத்தறுப்பு’ ஒன்று. மாணவர் பக்கத்தில் ‘தாளவயம்’ போகிறது, லயம் என்று மாறாமல் இருக்க அச்சுப்படியை நானே பார்க்கிறேன். வீட்டார் பக்கத்தில் சொல்லே இல்லை: ‘கால் தாளத்துக்குப் பிடிபட்ட பிறகு வேகத்தைக் கூட்டவும்’. பெயராக நின்றால்தான் பிடிப்பு கோளாறு செய்கிறது, வினையாக ஓடும்போது யாருக்கும் கால் கொளுவாது.

மாஸ்டர் சொன்ன தாள வரியும், மெட்ரோனோம் வரியும், ‘இசை கட்டாயமில்லை’ என்பதும் சேர்ந்துவிட்டன. இரண்டு காதையும் மூடும் ஹெட்போனோடு வீதியில் நடக்கக்கூடாது என்பதையும், நடக்க நடக்க வேகம் தானாகக் கூடி முன்னால் விழப்போகிறவர்களுக்குத் தட்டைக் கூட்டாமல் குறைக்கவேண்டும் என்பதையும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

தம்பலகாமம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஒத்தறுப்பு என்று ஓர் அடிக்குறிப்பாவது போடலாமே மகள்.

உப்புவெளி, இயன்மருத்துவர்:

இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது ஐயா. ஒரு வரி வெட்டினால்தான் இடம் வரும். மிச்சமிருப்பது சரிவுப் பாதை வரி மட்டும், அதை வெட்டமாட்டேன்.