கருப்பிக்கு 34,000 ரூபாய் ஆபரேஷன்: வேறு வழி உண்டா?

பல்லாவரம் தையல்காரி (திங்கள், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். நாளைக் காலைக்குள் முடிவு செய்ய வேண்டும், அதனால் நேராகவே கேட்கிறேன்.

எங்கள் கருப்பிக்கு ஆறு வயது. நாட்டு நாய், 17 கிலோ. 2019 மழையில் என் மகன் சட்டைக்குள் போட்டுத் தூக்கி வந்த குட்டி. போன வாரம் முழுக்க ஒரே தண்ணீர் தாகம். ஒரு குண்டான் வைத்தால் அரை மணியில் காலி. வெயிலுக்குத்தான் என்று நினைத்து இன்னொரு குண்டான் வைத்தேன். சனிக்கிழமை சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஞாயிறு இரண்டு தடவை வாந்தி. வயிறு பார்த்தால் சினை நாய் மாதிரி இருக்கிறது, ஆனால் சினையாக வாய்ப்பே இல்லை. ஒரு மாதத்துக்கு முன் ஹீட்டுக்கு வந்தபோது மொட்டை மாடியிலேயே அடைத்து வைத்திருந்தோம்.

இன்று பக்கத்துத் தனியார் கிளினிக்குக்குப் போனோம். கருப்பையில் சீழ் கோத்திருக்கிறது, பயோமெட்ரா என்று பெயர், வெளியே வர வழியில்லாமல் வாய் மூடியிருக்கிறது, கருப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். கன்சல்டேஷன் 700, ரத்தப் பரிசோதனை 2,200, ஸ்கேன் 1,800, டிரிப்பும் ஊசியும் 1,300. ஆக 6,000. ஆபரேஷனுக்குத் தனியாக 34,000, பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும். அதில் என்னென்ன அடக்கம் என்று கேட்டேன். "பேக்கேஜ்மா" என்றார் கவுண்டரில் இருந்த பெண். அதற்கு மேல் கேட்கக் கூச்சமாகிவிட்டது. பின்னால் நான்கு பேர் நாயோடு நிற்கிறார்கள். விலை பேசினால் நாய் மேல் பாசமில்லாதவள் என்று நினைப்பார்களோ என்று ஒரு பயம்.

என் வீட்டுக்காரருக்குக் கூரியர் குடோனில் 19,000 சம்பளம். எனக்குத் தையலில் மாதம் 8,000 வந்தால் அது தீபாவளி மாதம். மாமியார் "ஒரு நாய்க்கா?" என்றார். சொல்லிவிட்டு அவரேதான் ராத்திரி அது பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார்.

இரண்டே கேள்விதான். மாத்திரை ஊசியிலேயே சரியாகுமா? வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பார்ப்பார்களா, அல்லது அலைக்கழித்துவிட்டு நாள் கடந்துவிடுமா?

பழைய கம்பவுண்டர் (இரவு 10.15)

அம்மா, கால்நடை மருந்தகங்களில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முதல் கேள்விக்குப் பதில், ஆகாது. வாய் திறந்து சீழ் வெளியே வருகிற வகைக்குச் சில சமயம் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். மூடிக்கொண்டதற்கு அந்த ஊசியைப் போட்டால் கருப்பை இறுகிக் கிழிந்துவிடும் அபாயம் உண்டு. தண்ணீர்த் தாகம், வாந்தி எல்லாம் விஷம் உடம்பில் ஏறுவதன் அடையாளம். நாளை மறுநாள் என்று தள்ளவே கூடாது.

வேப்பேரி தைரியமாகப் போங்கள். 1903-இல் தொடங்கிய மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. பயோமெட்ரா அவர்களுக்குப் புதிதில்லை. விடிகாலையே கிளம்பிவிடுங்கள். இன்று எடுத்த ஸ்கேன், ரத்த ரிப்போர்ட் இரண்டையும் கையில் வைத்திருங்கள், திரும்ப எடுக்கிற நேரம் மிச்சம். சீட்டு போடும் இடத்திலேயே "கருப்பையில் சீழ், மூடியிருக்கிறது, அவசரம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சும்மா வரிசையில் உட்கார்ந்துவிடாதீர்கள். ராத்திரி சோறு வேண்டாம், தண்ணீர் இருக்கட்டும். ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் அவர்களிடமே நாய்களுக்கான ரத்த வங்கி இருக்கிறது. சில மருந்தும் தையல் நூலும் வெளியே வாங்கச் சொல்லலாம், அதற்குப் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

34,000 கொள்ளையா என்றால், முழுக்க அப்படிச் சொல்ல மாட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு ஊசியில் மயக்கி, ஒரு மேஜையில் கிடத்தி, அறுத்துத் தைத்து அனுப்புவோம். பிழைத்தால் நாயின் அதிர்ஷ்டம். இப்போது ஐசோஃப்ளூரேன் வாயு மயக்கம், மானிட்டர், சொந்த ரத்தப் பரிசோதனை மெஷின், ராத்திரி பார்த்துக்கொள்ள ஆள், கடை வாடகை. படிப்பே ஐந்தரை வருடம். மனிதருக்கென்றால் காப்பீட்டு அட்டையை நீட்டலாம். இங்கே எல்லாம் நம் பாக்கெட்டிலிருந்துதான். ஆனால் எதற்கு எவ்வளவு என்று எழுதிக் கேட்பது உங்கள் உரிமை. "பேக்கேஜ்" என்பது பதிலே இல்லை.

கணக்கு வாத்தியார் (இரவு 10.50)

தெருவில் பிடித்த நாய்க்கு நாற்பதாயிரமா? அந்தக் காசில் ஒரு பிள்ளைக்கு ஒரு வருடம் ஃபீஸ் கட்டலாம்.

பல்லாவரம் தையல்காரி (இரவு 11.05)

சார், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டியாயிற்று.

இரண்டு பூனை (இரவு 11.30)

அக்கா, எதுவும் யோசிக்காமல் வேப்பேரி போங்கள். நான் பெர்ஷியன் பூனை வளர்க்கிறேன், அதுவும் ஓசியில் வந்தது. ஓசியில் வந்ததுதான் அதிகம் செலவு வைக்கும் போல. தீனிப் பாக்கெட்டுக்கே 18 சதவீதம் ஜிஎஸ்டி. கிளினிக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, அது ஒன்றுதான் ஆறுதல்.

இன்ஷூரன்ஸ் எடுங்கள் என்று யாராவது இப்போது ஆரம்பிப்பார்கள். எடுக்கலாம்தான், ஆனால் வந்துவிட்ட நோய்க்குத் தர மாட்டார்கள், வயதுக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். கருப்பிக்கு இப்போது உதவாது. இன்னொன்று, வலிக்கிறது என்று வீட்டில் இருக்கிற மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று என் சித்தி பூனைக்குக் கால் பாராசிட்டமால் கொடுத்தார். பூனைக்கு அது விஷம். அப்புறம் நடந்ததை எழுத மனமில்லை. நாய்க்கும் ஐபுப்ரோஃபென் மாதிரியானவை ஆகாது.

நாமக்கல்காரன் (செவ்வாய், காலை 6.20)

வெளியூர்க்காரர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக: நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. எங்கள் வீட்டு சிப்பிப்பாறை நாய்க்கு நாமக்கல்லில்தான் குடும்பக் கட்டுப்பாடு செய்தோம். அதைச் செய்துவிட்டால் பயோமெட்ரா பயம் அநேகமாக இல்லை. அக்கா, கருப்பிக்கு ஏன் முன்பே செய்யவில்லை?

பல்லாவரம் தையல்காரி (வியாழன், இரவு 8.15)

கேட்ட எல்லோருக்கும்: கருப்பி பிழைத்துவிட்டாள்.

செவ்வாய் நாலரை மணிக்குக் கிளம்பினோம். மூன்று ஆட்டோ நாயைப் பார்த்ததும் நகர்ந்துவிட்டது. நாலாவது ஆள் சீட்டில் விரிக்கப் போர்வை இருந்தால் வருகிறேன் என்றார், 750 ரூபாய். கம்பவுண்டர் ஐயா சொன்னதை அப்படியே சீட்டு கவுண்டரில் சொன்னேன். உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மேஜையைச் சுற்றிப் படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். ஒரு பெண் கருப்பியின் காதைத் தடவிக்கொண்டே ஊசிக்கு நரம்பு தேடினாள்.

மதியம் ஒரு ஸ்டீல் தட்டில் எடுத்ததைக் காட்டினார்கள். இரண்டு பெரிய மலைவாழைப்பழம் ஒட்டினாற்போல, ஊதா நிறத்தில். ஒன்றரைக் கிலோவுக்கு மேலாம். அதைச் சுமந்துகொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை வாசல் வரை வந்து என் மகனுக்கு வாலாட்டியிருக்கிறாள்.

செலவு: வெளியே வாங்கிய மருந்து, நூல், டிரிப் 4,350. ஆட்டோ இதுவரை நாலு நடை, 3,000. ஆஸ்பத்திரியில் கட்டியது ஆட்டோவுக்குக் கொடுத்ததை எட்டவில்லை. மாதச் சீட்டு கட்டிச் சேர்த்த பணத்தைத் தொட வேண்டி வரவில்லை. அடகு வைக்கக் கழற்றிய கம்மலைத் திரும்பப் போட்டுக்கொண்டேன்.

நாமக்கல் தம்பிக்கு: ஒரு வயதானபோது விசாரித்தோம். 6,000 கேட்டார்கள். அப்போது லாக்டவுன், தையலே இல்லை. அப்புறம் பார்க்கலாம் என்றோம். அந்த அப்புறம் வரவே இல்லை. திங்கட்கிழமை அந்த முதல் பில் 6,000 என்று வந்தபோது தொகையைப் பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டுகிற பிளாஸ்டிக் கூம்புக்கு 600 கேட்டார்கள். வாங்கவில்லை. பழைய பருத்தி நைட்டியில் நாலு காலுக்கும் ஓட்டை வைத்து, வயிற்றை மூடி, முதுகில் முடிச்சுப் போடுகிற மாதிரி தைத்தேன். வாலுக்குக் கீழே மட்டும் நன்றாக வெட்டி விட வேண்டும், முதல் தடவை அதை மறந்து மறுபடி பிரித்துத் தைத்தேன். டாக்டரிடம் காட்டினேன், நக்காத வரைக்கும் இதுவே போதும் என்றார்.

இரண்டு பூனை (இரவு 8.40)

அக்கா, எங்கள் சின்னதுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். பூனைக்கும் தைப்பீர்களா?

பல்லாவரம் தையல்காரி (இரவு 9.00)

கழுத்துச் சுற்றளவு, மார்புச் சுற்றளவு, கழுத்திலிருந்து வால் வரை நீளம், முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே எவ்வளவு என்று அளந்து அனுப்பு. நிற்க வைத்து அள, படுத்திருக்கும்போது அளந்தால் இறுக்கிவிடும். துணி என்னிடமே கிடக்கிறது.