ஜார்ஜ் கோட்டை, எழும்பூர் மியூசியம், மயிலாப்பூர்: வயசான அப்பாவோடு ரெண்டு நாளில் முடியுமா?

வைகைக்கரை:
வியாழன் ராத்திரி மதுரையில் பஸ் ஏறி வெள்ளி விடியக்காலை சென்னை வந்து இறங்குகிறோம். நான், மனைவி, எட்டாவது படிக்கும் பையன், எழுபதைத் தாண்டிய அப்பா. ரூம் திருவல்லிக்கேணியில். வெள்ளி கோட்டையும் மியூசியமும், சனி மயிலாப்பூரும் சாந்தோமும் என்று போட்டிருக்கிறேன். கோட்டைக்குள் நம்மை விடுவார்களா, தலைமைச் செயலகம் ஆயிற்றே? எல்லாவற்றுக்கும் டாக்சியா?

பாரிமுனைவாசி:
பிளானை அப்படியே திருப்பிப் போடுங்க. கோட்டை மியூசியம், எழும்பூர் மியூசியம் ரெண்டுக்குமே வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. சனிக்கிழமை தலைமைச் செயலகத்துக்கு லீவு, அதனால் வாசலில் மனுவோடு நிற்கும் கூட்டமும் சைரன் வைத்த கார்களும் இல்லாமல் நிம்மதியாகப் பார்க்கலாம்.

உள்ளே விடுவார்கள். பெரியவர்கள் எல்லாரும் ஆதார் மாதிரி ஏதாவது ஒரு அடையாள அட்டை கையில் வைத்துக்கொள்ளுங்கள், பையைச் சோதித்துத்தான் அனுப்புவார்கள், அதனால் லக்கேஜோடு நேராக அங்கே போய் நிற்க வேண்டாம். ஆட்டோவை வாசலிலேயே விட்டுவிட வேண்டியதுதான், அப்புறம் நடை. 1947 ஆகஸ்ட் 15 அன்று இதே கோட்டையில் ஏற்றிய தேசியக்கொடி மியூசியத்தில் இருக்கிறது, பையனுக்குக் கட்டாயம் காட்டுங்க. புனித மேரி தேவாலயத்தையும் விடாதீர்கள். 1680-இல் திறந்தது, ராபர்ட் கிளைவ் கல்யாணம் நடந்த இடம். சுற்றிலும் தரையில் பதித்திருப்பதெல்லாம் பழைய கல்லறைக் கற்கள், லத்தீன் எழுத்தோடு, அதன் மேல்தான் நடந்து போக வேண்டும்.

தாம்பரம்_லோக்கல்:
பஸ் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்க, முன்னே மாதிரி கோயம்பேடு இல்லை. அங்கிருந்து மாநகரப் பஸ்ஸில் தாம்பரம் வந்து எலெக்ட்ரிக் டிரெயின் பிடித்து எழும்பூரிலோ பார்க் ஸ்டேஷனிலோ இறங்கி ஆட்டோ வைத்தால் செலவு ரொம்பக் குறைவு. சாதாரணக் கட்டண பஸ்ஸில் உங்கள் மனைவிக்கு டிக்கெட்டே கிடையாது. திருவல்லிக்கேணியிலிருந்து மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயில் இருக்கும்போது டாக்சி எதற்கு? மூணாவது ஸ்டேஷன் திருமயிலை.

மாடவீதி:
தாம்பரம் சார் சொல்வது நமக்குச் சரி, எழுபது வயசுக்காரருக்குச் சரியில்லை. பறக்கும் ரயில் ஸ்டேஷன் எல்லாம் உசரத்தில், படி ஏறி இறங்கியே அவர் சோர்ந்துவிடுவார். லஸ் பக்கம் மெட்ரோ வேலையால் வண்டிகளைச் சுற்றிவிடுகிறார்கள், ஆனாலும் அவருக்கு ஆட்டோதான் நல்லது. ஏறுமுன் ஆப்பில் காசு எவ்வளவு என்று ஒரு தடவை பாருங்கள், பேரம் பேச உதவும். கபாலி கோயில் மதியம் நடை சாத்தி சாயங்காலம் நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள். அந்த இடைவெளியில் சாந்தோமை முடித்துவிடலாம். வெள்ளி சாயங்காலம் கூட்டம் அதிகம், திறந்ததும் போய்விடுங்கள்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி, வெள்ளி விடுமுறை விஷயம் தெரியவே தெரியாது! அப்போ சனிக்கிழமை கோட்டை, எழும்பூர் ரெண்டும் தாங்குமா?

பாரிமுனைவாசி:
காலையிலேயே கோட்டையைத் தொடங்கினால் தாங்கும். எழும்பூரில் எல்லாக் கட்டடத்தையும் பார்க்க ஆசைப்படாதீர்கள், அது பெரிய வளாகம். நேராக வெண்கலச் சிலைக் கூடத்துக்குப் போய்த் திருவாலங்காட்டு நடராஜரைப் பாருங்க. அப்பாவுக்குத் தெம்பு இருந்தால் மட்டும் மற்றது.