எல்க், ஆன்டிலோப் இரண்டுக்கும் வில்லோடு ஒரே பயணம்: வயோமிங் திட்டம் சரிவருமா?

ஏரிக்கரையான், மினசோட்டா

வணக்கம் நண்பர்களே. வருகிற செப்டம்பரில் வயோமிங் போய் எல்க்கையும் (பெரிய மலை மான்) ஆன்டிலோப்பையும் (மான் போன்ற புல்வெளி விலங்கு) ஒரே பயணத்தில் வில்லால் வேட்டையாட ஆசை. கூட வருவது என் மச்சான் ஒருவன்தான். கைடு வைத்துக்கொள்ள வசதி இல்லை, பொது நிலத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே மரத்தில் ஸ்டாண்டு கட்டி வெள்ளைவால் மான் அடித்த பழக்கம் இருக்கிறது. மேற்குப் பக்க வேட்டை எங்களுக்குப் புதிது.

செப்டம்பர் 12 வாக்கில் கிளம்பினால் மொத்தம் பத்து நாள் கிடைக்கும். ஆன்டிலோப்புக்குத் தண்டர் பேசின் புல்வெளி, எல்க்குக்குப் பிக்ஹார்ன் மலை. நடுவில் கில்லெட்டில் அறை போட்டுக்கொண்டு, விடிகாலை மலையில் எல்க், மதியத்துக்கு மேல் கீழே ஆன்டிலோப் என்று மாறி மாறிப் போகலாம் என்கிறான் மச்சான். எனக்கு இடிக்கிறது. எதற்கு முதலில் விண்ணப்பிப்பது, எதை முதலில் வேட்டையாடுவது, ஒரே அம்பு இரண்டுக்கும் போதுமா, அந்த வெயிலில் கறியை எப்படி ஊர் சேர்ப்பது? எல்க் உரிமக் குலுக்கலில் முன்னுரிமை தரும் புள்ளி கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆன்டிலோப்புக்கு ஒன்றும் இல்லை.

கேஸ்பர்காரன்

மச்சான் திட்டத்தை முதலில் கைவிடுங்கள். கில்லெட்டிலிருந்து பஃபலோ வரைக்குமே 70 மைல். அப்புறம் மலைச்சாலை, அப்புறம் இருட்டில் நடை. எல்க் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். அந்த இரண்டு நேரத்திலும் நீங்கள் மலையில் இருக்க வேண்டும், காரில் அல்ல. அந்தியை விட்டுவிட்டுத் தினம் கீழே இறங்கினால் இரண்டு வேட்டையும் அரைகுறையாகத்தான் முடியும்.

விண்ணப்ப விஷயத்தில் உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. வெளிமாநிலத்தாருக்கு எல்க் விண்ணப்பம் பிப்ரவரி தொடக்கத்தில் முடியும், குலுக்கல் முடிவு மே மாதம் வரும். ஆன்டிலோப்புக்கு ஜூன் தொடக்கம் வரை நேரம் உண்டு. ஆக, எல்க் டேக் (ஒரு விலங்கை அடிக்கும் உரிமம்) விழுந்ததா, எந்தப் பகுதியில் என்று தெரிந்த பிறகே ஆன்டிலோப் பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம். இப்போதே தண்டர் பேசின் என்று கட்டிக்கொள்ளாதீர்கள். எல்க் விழாவிட்டால் அந்த வருடம் ஆன்டிலோப் மட்டும் போய் நாட்டைப் பழகுங்கள், அதுவும் நல்ல வேட்டைதான். வெளிமாநில டேக்கில் 75 சதவீதம் புள்ளி வரிசைப்படி, மீதி 25 சதவீதம் எல்லாருக்கும் பொதுக் குலுக்கல். ஆன்டிலோப்புக்குப் புள்ளி இல்லாதவருக்கு அந்த 25தான் கதி. இல்லையென்றால் கேட்பார் குறைந்த பகுதியாகப் பார்க்க வேண்டும். புள்ளி மட்டும் வாங்குவதற்கான காலம் ஜூலை முதல் அக்டோபர் கடைசி வரை.

ஆனால் எளிதில் விழும் ஆன்டிலோப் பகுதி என்றால் உஷார். கிழக்கு வயோமிங்கில் பெரும்பாலும் அதற்குக் காரணம் தனியார் நிலம். டேக் கையில் இருக்கும், கால் வைக்க இடம் இருக்காது. தண்டர் பேசினே அரசு நிலமும் பண்ணை நிலமும் கட்டம் கட்டமாகக் கலந்து கிடப்பது. நில எல்லை காட்டும் ஆப் இல்லாமல் வண்டியை விட்டு இறங்காதீர்கள். இரண்டு அரசு நிலம் மூலையில் மட்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், தனியார் மண்ணை மிதிக்காமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டுவது தவறில்லை என்று எல்க் மவுன்டன் பண்ணை வழக்கில் 2025 மார்ச்சில் பத்தாவது சர்க்யூட் (பல மாநிலங்களுக்கான மத்திய மேல்முறையீட்டு) நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அது வயோமிங்குக்குச் செல்லும். மொன்டானா வேறு சர்க்யூட், அங்கே இதே தைரியத்தில் தாண்ட வேண்டாம்.

இன்னொன்று. பிக்ஹார்ன் காட்டுக்குள் கிளவுட் பீக் வில்டர்னஸ் இருக்கிறது. வில்டர்னஸ் (இயற்கையாகவே விட்டுவைத்த பாதுகாப்புக் காடு) என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் வெளிமாநிலத்தார் பெரிய விலங்கை வேட்டையாட உரிமம் பெற்ற கைடு வேண்டும். இல்லையென்றால் இந்த மாநிலத்தில் குடியிருக்கும் ஒருவர் இலவச கைடு அனுமதி வாங்கி உடன் வர வேண்டும். அந்த எல்லைக் கோட்டை இப்போதே வரைபடத்தில் குறித்து வையுங்கள். வில் சீசனுக்கு ஆர்ச்சரி பெர்மிட் தனியாக வாங்க வேண்டும், எல்க் டேக்கோடு அது சேர்ந்து வராது.

மலையேறி

வரிசை பற்றி நான் சொல்கிறேன். ஆன்டிலோப் முதலில், இரண்டு நாள் அல்லது மிஞ்சிப் போனால் மூன்று. காரணம் உங்கள் நுரையீரல். மினியாபொலிஸ் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடி கூட இல்லை. எல்க் தேடப் போகும் இடம் எட்டாயிரத்துக்கு மேல். முதல் நாளே ஏறினால் தலைவலி, தூக்கமின்மை, மூன்றாம் நாள் மச்சான் கூடாரத்தில் படுத்திருப்பான். புல்வெளி நாலாயிரம், ஐயாயிரம் அடியில் இருக்கிறது, உடம்பு பழக நல்ல படி. இரண்டாவது காரணம், எல்க் கத்தும் உச்சக் கட்டம் செப்டம்பர் நடுவிலிருந்து 25 வரை. 12ஆம் தேதி கிளம்பினால் சரியாக 16, 17 வாக்கில் மலைக்குப் போய்விடலாம்.

கேஸ்பர்காரன்

நான் எல்க் முதலில் என்பேன். எல்க் அடித்துவிட்டால் மிச்ச நாளில் நிம்மதியாக ஆன்டிலோப் பார்க்கலாம். ஆன்டிலோப் முதலில் என்றால், "இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள்" என்று அங்கேயே நின்றுவிடுவார்கள். ஆனால் உயரம் பற்றி மலையேறி சொல்வது நியாயம். நாள் கணக்கில் கறாராக இருக்க முடியும் என்றால் அவர் வழியில் போங்கள்.

நெப்ராஸ்கா அக்கா

தம்பி, ஆன்டிலோப் எப்படி வேட்டையாடுவது என்று யாரும் சொல்லவில்லையே. பல பகுதிகளில் வில் சீசன் ஆகஸ்ட் 15லேயே தொடங்கும். சுடும் வெயிலில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பிளைண்டு (மறைவுக் கூடாரம்) போட்டு விடியலிலிருந்து இருட்டும் வரை உட்கார்ந்திருப்பதுதான் வில்காரருக்குச் சுலபமான வழி. நடுமதியத்திலும் வரும், அதனால் சாப்பிட வெளியே போகாதீர்கள். பிளைண்டுக்குள் கறுப்புச் சட்டை, கறுப்புக் கையுறை போடுங்கள், முதுகுப் பக்க ஜன்னலை மூடி வையுங்கள். பின்னால் வெளிச்சம் இருந்தால் நீங்கள் வில்லை இழுக்கும்போது நிழலாட்டம் தெரிந்துவிடும். அதன் கண்ணுக்கு அதுவே போதும், மணிக்கு ஐம்பது மைலுக்கு மேல் ஓடக்கூடிய விலங்கு.

நீங்கள் போவது செப்டம்பர் நடுவில். முந்தின வாரம் மழை பெய்திருந்தால் பள்ளம் எல்லாம் தண்ணீர் நிற்கும், தொட்டிக்கு ஏன் வரப்போகிறது? அப்போது கிடாக்கள் இணை சேரும் காலம், சின்னக் கிடா உருவ டிகாய் (ஏமாற்றுப் பொம்மை) தூக்கிக்கொண்டு தவழ்ந்து போனால் பெரிய கிடா சண்டைக்கு வரும். பார்க்க வேண்டிய காட்சி அது! ஆனால் சில பகுதிகளில் அதே சமயம் துப்பாக்கி சீசன் தொடங்கிவிடும். உங்கள் பகுதியின் தேதியைப் பாருங்கள். துப்பாக்கி சீசன் திறந்த பிறகு டிகாய்க்குப் பின்னால் ஒளிவது உயிரோடு விளையாட்டு. அன்றிலிருந்து ஆரஞ்சு அல்லது பிங்க் உடையும் கட்டாயம்.

வேலியைத் தாண்டிக் குதிக்காது, அடியில் நுழைந்து போகும். கம்பிக்குக் கீழே மண் தேய்ந்து, முள்ளில் முடி சிக்கியிருக்கும் இடம் பார்த்தால் அதுதான் அதன் வாசல். அங்கேயும் உட்காரலாம்.

ஏரிக்கரையான், மினசோட்டா

எல்லாருக்கும் நன்றி. ஆன்டிலோப் மூன்று நாள், அடித்தாலும் அடிக்காவிட்டாலும் நான்காம் நாள் மலை என்று முடிவு. என் வில்லின் இழுவிசை 62 பவுண்டு, மச்சானுடையது 48. அவன் எச்1பி விசாவில் இருக்கிறான், அதனால் ஏதாவது சிக்கல் வருமா? அப்புறம் கறி?

மலையேறி

மச்சான் வில்லைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லுங்கள். வயோமிங்கில் ஆன்டிலோப்புக்கு 40 பவுண்டு போதும், எல்க்குக்குக் குறைந்தது 50 வேண்டும். அம்பு முனை அகலம் 7/8 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இரண்டுக்கும் ஒரே அம்பு போதும், ஆனால் எல்க்கை மனதில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்: கனமான அம்பு, விரியாத நிலையான பிளேடு. எல்க் தோள் எலும்புக்கு அது தேவை, புல்வெளிக் காற்றுக்கும் கனமான அம்புதான் நேராகப் போகும். ஆன்டிலோப் உடம்பு சிறிது, வெள்ளைவால் மானைப் பார்த்துப் பழகிய கண் தூரத்தைத் தப்பாகச் சொல்லும். ரேஞ்ச்ஃபைண்டர் இல்லாமல் அம்பை விடாதீர்கள். இப்போதிருந்தே ஸ்டூலில் உட்கார்ந்தும் முட்டி போட்டும் பழகுங்கள்.

மலையில் காற்றுதான் எல்லாம். காலையில் குளிர்காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறியதும் மேலே திரும்பும், அந்தியில் மறுபடி இறங்கும். திரும்பும் அந்த அரை மணி நேரத்தில் எல்க் பக்கம் போகாமல் உட்கார்ந்துவிடுங்கள். கரடி பற்றிப் பயம் என்றால், கிரிஸ்லி இருப்பது யெல்லோஸ்டோன் பக்கம், பிக்ஹார்னில் கருங்கரடிதான். ஆனாலும் கறியைக் கூடாரத்துக்கு அருகே தொங்கவிட வேண்டாம்.

டென்வர் தம்பி

விசா விஷயம்: எச்1பி போன்ற விசாக்காரர்களுக்குக் கட்டுப்பாடு வைக்கும் மத்தியச் சட்டம் துப்பாக்கி பற்றியது. வில் அந்தக் கணக்கில் வராது. ஆனால் ஆன்டிலோப் டேக் மிஞ்சி, துப்பாக்கி சீசனுக்குத் திரும்பப் போகலாம் என்று யோசித்தால், அதற்கு முன் வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். இருவருக்கும் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும், 1966 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குக் கட்டாயம்.

நெப்ராஸ்கா அக்கா

கறிக்கு வருகிறேன். ஆன்டிலோப் வீச்சமடிக்கும் என்பவர்கள் அதைத் தோலோடு வண்டியின் பின்னால் போட்டு வெயிலில் ஊர் சுற்றியவர்கள். விழுந்த கையோடு குடலை எடுத்து, அங்கேயே தோலை உரித்து, ஐஸ் பெட்டியில் போடுங்கள். அப்படிச் செய்தால் மிளகுப் பிரட்டலுக்கு ஆட்டுக்கறி தோற்றுவிடும். வண்டியில் எப்போதும் ஐஸோடு ஒரு பெட்டி தயாராக இருக்கட்டும். தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்துப் போட்டால் கறி ஊறாது.

எல்க் வேறு கதை. பெரிய காளை முந்நூறு கிலோவுக்கு மேல், எலும்பு நீக்கிய கறியே நூறு கிலோவை நெருங்கும். இரண்டு பேர் முதுகில் ஏற்றி இறக்க ஒரு முழு நாள் போகும், அதனால் காரிலிருந்து எவ்வளவு தூரத்தில் அடிப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். குடலைத் திறக்காமலே தொடை, தோள், முதுகுத் தசையை எடுக்கும் முறையைக் கற்றுக்கொண்டு, துணிப் பையில் போட்டு, ஓடையோர நிழலில் காற்றுப்படத் தொங்கவிடுங்கள். அடித்தது ஆணா பெண்ணா என்று காட்டும் அடையாளத்தைக் கறியோடு எப்படி வைத்திருக்க வேண்டும் என்று விதிப்புத்தகத்தைப் படித்த பிறகே கத்தியை எடுங்கள். மினசோட்டா, வெளியிலிருந்து மான் இன உடலை முழுதாக உள்ளே விடாது, சிடபிள்யூடி என்ற, மான்களின் மூளையைத் தாக்கும் தொற்று நோய்க்காக. எலும்பு நீக்கிய கறியாகவும், மூளை சுத்தம் செய்த மண்டையோட்டோடு கொம்பாகவும் கொண்டு போங்கள்.

ஏரிக்கரையான், மினசோட்டா

மச்சான் இன்றைக்கே வில்லைக் கடைக்குக் கொண்டுபோய் 52 ஆக்கிவிட்டு வந்தான். எல்க் விண்ணப்பத்தை ஜனவரியில் போடுகிறோம். மே மாதம் முடிவு வந்ததும் ஆன்டிலோப் பகுதி எண்களோடு இங்கேயே கேட்கிறேன், பொது நிலம் எங்கே சேர்ந்தாற்போல் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.