இரண்டு பவர் சப்ளை இருந்தும் எல்லா சர்வரும் அணைந்துவிட்டன – உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம். ஒரு கல்லூரியில் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு பவர் சப்ளை. ஒன்று யூபிஎஸ் ஏ-யில், மற்றது பி-யில். இரண்டு யூபிஎஸ்ஸும் 2400 வாட். நேற்று கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போட ஆள் ஓடுவதற்குள் ஏ-யின் பேட்டரி இறங்கி அது நின்றுவிட்டது. அடுத்த நிமிடமே பி-யும் விடாமல் கத்திவிட்டு அணைந்தது. தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள், ஜன்னலுக்கு வெளியே மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். போன மாதம்தான் ஒரு சர்வரின் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தேன், அசையாமல் ஓடியது. சப்ளையில் கோளாறா?

பதில் 1:
இருக்காது தம்பி. சாதாரண நாளில் இரண்டு யூபிஎஸ்ஸும் எத்தனை சதவீதம் லோடு காட்டும்?

கேட்டவர்:
ஏ 68, பி 71. இன்னும் 30 சதவீதம் மிச்சம் இருக்கிறதே அண்ணா.

பதில் 1:
அந்த மிச்சம்தான் ஏமாற்றுகிறது. இரண்டு சப்ளையும் நல்லபடி இருக்கும்போது சர்வரின் சுமையை ஏறக்குறைய பாதிப் பாதியாகத் தூக்குகின்றன. ஏ போனால் அதன் பாதியும் பி-யின் தலையில் ஏறும். நீங்கள் ஒரு ஒயரைப் பிடுங்கியபோது ஒரு சர்வரின் பாதிதான் இடம் மாறியது, பி தாங்கியது. நேற்று எல்லா சர்வரும் ஒரே நொடியில் மாறின. பேட்டரியில் ஓடும் யூபிஎஸ்ஸுக்கு ஓவர்லோடு வந்தால் பைபாஸுக்கு, அதாவது சுமையை நேராக மெயின் கரண்டுக்கு விட்டுவிடவும் வழியில்லை, கரண்டே இல்லையே. அணைவதைத் தவிர அதற்கு வேறென்ன வழி? இரண்டின் லோடையும் கூட்டினால் 100-க்குள் நிற்க வேண்டும். நான் 80-ஐத் தாண்ட விடமாட்டேன். அந்த 68-இல் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்.

பதில் 2:
ஒரு ஒயர் மட்டும் உள்ள நெட்வொர்க் ஸ்விட்சையும் பாருங்கள். சர்வர் உயிரோடு இருந்து ஸ்விட்ச் செத்தால் பயனில்லை. அதற்கு ஏடிஎஸ் ஒன்று வாங்கிப் போடுங்கள். ஒரு லைன் போனதும் சில மில்லி செகண்டில் மற்றதற்கு மாற்றிவிடும். அப்புறம், சப்ளையையும் சந்தேகப்பட்டீர்களே: இரண்டும் 12 வோல்ட்டில் சேரும் இடத்தில் மோஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) காவல் இருக்கும். ஒன்று ஷார்ட் ஆனாலும் மற்றதன் கரண்ட் அதற்குள் திரும்பிப் போகாது.

கேட்டவர் (ஞாயிறு இரவு):
அண்ணா, லேபின் 10 கம்ப்யூட்டரையும் யாரோ ஐந்து ஐந்தாக இரண்டு யூபிஎஸ்ஸிலும் மாட்டியிருந்தார்கள். எல்லாவற்றையும் பிரித்து, சும்மா ஓடிய பழைய சர்வர் ஒன்றையும் நிறுத்தினேன். இப்போது ஏ 43, பி 46. ஸ்டோரேஜின் (தகவல்களைச் சேமிக்கும் பெட்டி) இரண்டு ஒயரும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் போயிருந்தன. ரேக்குக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒன்றை பி-க்கு மாற்றினேன். ஏ-யின் பிரேக்கரை இறக்கியதும் பி 89-க்கு ஏறி அங்கேயே நின்றது. கால் மணி நேரம் பார்த்தேன், எதுவும் அணையவில்லை.

பதில் 1:
நல்லது. 89 இன்னும் அதிகம்தான், புது சர்வர் எதையும் சேர்க்காதீர்கள். ஏ-யின் பேட்டரியை இந்த வாரமே மாற்றுங்கள்; பிறகு இதேபோல பி-யின் பிரேக்கரை இறக்கிப் பாருங்கள்.