கடைசி ஒலி ஒன்றாமல் எப்படி ஓசை வருகிறது?

கேள்வி: நானே எழுதிய இரண்டு வரி.

மழைநின்ற பின்னும் மரந்தூறும் நீபோய்
அழுதோய்ந்த பின்னும் விழி

வரிகளின் முடிவில் ஒரே ஒலி இல்லை, ஆனாலும் வாய்விட்டுப் படித்தால் தாளம் கேட்கிறது. எங்கிருந்து வருகிறது? ‘என்விழி’ என்று மாற்றலாமா?

பதில் 1: வரிக்கடைசியில் ஒன்றுவது இயைபு. உங்கள் வரிகள் தொடக்கத்தில் ஒன்றுகின்றன: மழை, அழு என்று இரண்டாம் எழுத்தில் ழகரம் வருவதால் எதுகை, உயிர் மாறுவதால் வருக்க எதுகை. மழை, மரம் என்று முதல் எழுத்து ஒன்றுவது மோனை. அப்புறம் சீர், அதாவது அசைகள் சேர்ந்த ஓசைத் துண்டு, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள், புளிமாங்காய், தேமா, புளிமாங்காய், தேமா என்ற ஓசை வாய்பாடுகளில் மாறி மாறி வந்து ‘மலர்’ என்ற ஓரசை வாய்பாட்டில் முடிகிறது. ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் கட்டான தளை எங்கும் தட்டவில்லை, திருக்குறளின் வடிவமான சுத்தமான குறள் வெண்பா!

பதில் 2: எனக்கு அந்தக் கடைசிச் சொல்தான் உயிர். விழி என்ன செய்கிறது என்று நீங்கள் சொல்லவே இல்லை, மேல்வரியின் ‘தூறும்’ தானாக இறங்கி வந்து ஒட்டிக்கொள்கிறது, நாலாவது சீர் வராத அந்த வெற்றிடத்தில் சோகம் நிற்கிறது. ‘என்விழி’ வேண்டவே வேண்டாம். தளையும் தட்டும், ஈற்றுச்சீரும் கெடும்.

கேட்டவர்: சரி, ‘விழி’ அப்படியே இருக்கட்டும். நன்றி.