சம்பாதித்ததைத் தொலைத்த ஆட்டக்காரர்கள்: பரிதாபம் எதற்கு?

களியக்காவிளைக்காரன்:
மைக் டைசன் குத்துச்சண்டையில் பார்த்தது 30 கோடி டாலருக்கு மேல். 2003 ஆகஸ்டில் மஞ்சள் கடிதாசு கொடுத்தார். கடன் மட்டும் 2 கோடி 30 லட்சம் டாலர். இடையில் வீட்டில் வங்காளப் புலி வளர்த்தார். இன்னொரு குத்துச்சண்டைக்காரர் ஹோலிஃபீல்ட் 109 அறை உள்ள மாளிகையில் இருந்தார், 2012-இல் அது கடனுக்குப் போனது. கூடைப்பந்தில் ஆன்டுவான் வாக்கர் 10 கோடி 80 லட்சம் டாலர் சம்பளம் வாங்கி 2010-இல் திவால். அமெரிக்கக் கால்பந்துக்காரர்களில் 78 சதவீதம் பேர் ஓய்வு பெற்ற ரெண்டே வருஷத்தில் திவால் என்று 2009-இல் ஒரு பத்திரிகையே எழுதியது. நம்ம வினோத் காம்ப்ளியும் 2022-இல் பேட்டி கொடுத்தார்: கிரிக்கெட் வாரியம் தரும் 30,000 ரூபாய் பென்ஷன்தான் ஒரே வருமானம் என்று.

இந்த மாதிரிச் செய்தி வந்தால் இங்கே பார்டர் டீக்கடைகளில் ஒரே 'ஐயோ பாவம்'. எனக்குப் பாவமாகத் தெரியவில்லை. நான் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஆணி விற்ற காசில் கேரள அரசின் கே.எஸ்.எஃப்.இ.யில் சிட்டி (சீட்டு) கட்டி, மேல்மாடி எடுத்தேன். கோடி வாங்கியவனுக்கு அது முடியவில்லை என்றால் அதற்குப் பெயர் கொழுப்பு. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

நீரோடி பத்து:
மறுப்பு இருக்கு அண்ணே. டைசனையும் அவர் புலியையும் கொஞ்சம் ஓரமாகக் கட்டிவிட்டு, நம்ம கடல் தீரத்தில் பந்து விளையாடுகிறவனைப் பாருங்கள். நீரோடி, வள்ளவிளை, தூத்தூர், அந்தப் பக்கம் பொழியூர், எங்கே போனாலும் நாலு பேர் வெளியே போய் ஆடிய ஆட்கள்.

செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் கால்பந்து, ஆடுகிறவனுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் கமிட்டிக்காரர் கவர் கொடுப்பார். நவம்பர் வாக்கில் தொடங்கினால் மழை வரும்வரை சீசன். நல்லா ஓடுகிற பையன் மலப்புரம், பாலக்காடு என்று ராத்திரி ராத்திரி வண்டி ஏறுவான். கவரில் எவ்வளவு இருக்கிறது என்று அவன் எண்ணிப் பார்க்கும் முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். மறுநாள் காலை திண்ணையில் ஆள் இருக்கும். ஒருவருக்கு வலை போச்சு, ஒருவருக்கு மகளின் நர்சிங் ஃபீஸ், திருவிழாக் கமிட்டிக்காரர் ரசீது புத்தகத்தையே திறந்து வைத்து உட்கார்ந்திருப்பார். எனக்கும் வந்தது. அக்காவுக்கு ஸ்ரீதனம் கொடுத்தேன். மீதியை ஒரு விசைப்படகில் பங்காகப் போட்டேன். என்ஜின் போச்சு, அப்புறம் முட்டியும் போச்சு. இதில் எது கொழுப்பு?

களியக்காவிளைக்காரன்:
கேட்டவனுக்கெல்லாம் கொடுத்தது. இல்லை என்று சொல்லப் படிக்கணும் மக்கா.

நீரோடி பத்து:
எங்கள் தெருவுக்கு வந்து ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அப்புறம் அம்மா கோயிலுக்குப் போய் நிம்மதியாக உட்கார முடியாது.

குமுளி ஏலக்காய்:
ரெண்டு பேருக்கும் எங்க மலைக் கதை ஒன்று. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த வாரம் கம்பம், குமுளி ரோட்டில் புது வண்டிகளின் நம்பர் பிளேட்டில் மஞ்சள் குங்குமம் காயவில்லை. விலை இனி இறங்காது என்று சத்தியம் செய்தவர்கள் எல்லாம் நாற்பது வருஷம் விவசாயம் பார்த்த பெரியவர்கள். மூன்று வருஷத்துக்குள் ஆயிரத்துக்குக் கீழே வந்தது. பழுத்த சம்சாரிக்கே அந்தக் கதி என்றால் இருபது வயதுப் பையனிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்? பணம் ஏறும்போது எல்லாருக்கும் புத்தி ஒரே அளவுதான்.

களியக்காவிளைக்காரன்:
வண்டியை விற்றால் காசு. நிலம் அங்கேயே இருக்கிறது. சம்சாரிக்கு அடுத்த வருஷம் காய் வரும்.

குமுளி ஏலக்காய்:
அதைத்தானே சொல்கிறேன். பந்தடிக்கிறவனுக்கு அடுத்த வருஷம் கால் வராது.

கொழிஞ்சாம்பாறைக் கணக்கு:
நான் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன், பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில். களியக்காவிளை அண்ணன் சொன்ன 78-ஐ முதலில் சரி பண்ணிக்கலாமுங்க. அந்தப் பத்திரிகை திவால் ஆனவர்களையும் 'பண நெருக்கடியில்' இருப்பவர்களையும் ஒரே மூட்டையில் கட்டியது. 2015-இல் பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் திவால் மனுக்களையே எடுத்து எண்ணினார்கள். 1996 முதல் 2003 வரை அணிகள் எடுத்த ஆட்டக்காரர்களில், ஓய்வு பெற்று 12 வருஷத்துக்குள் மனுப் போட்டவர்கள் சுமார் 16 சதவீதம். அதுவும் சின்ன எண் இல்லை. ஆனால் 78 கிடையாது.

அதே ஆய்வில் இன்னொன்று இருக்கு. மொத்தம் எவ்வளவு சம்பாதித்தான், எத்தனை வருஷம் ஆடினான் என்பதெல்லாம் திவாலை அவ்வளவாக மாற்றவில்லை. நிறைய வாங்கியவனும் விழுந்தான், கொஞ்சம் வாங்கியவனும் விழுந்தான்.

களியக்காவிளைக்காரன்:
தம்பி எனக்குத்தான் சாட்சி சொல்கிறார். கூட வாங்கியவனும் குறைய வாங்கியவனும் ஒரே மாதிரி விழுந்தால், காசின் அளவில் குற்றமில்லை, ஆளின் பழக்கத்தில்தான்.

கொழிஞ்சாம்பாறைக் கணக்கு:
இல்லைங்க அண்ணா. ஆள் ஆளுக்குப் பழக்கம் மாறும். இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக இருப்பது பணம் வருகிற விதம்: ஆயுளுக்கும் சேர்த்துச் சில வருஷத்தில் வந்து, சட்டென்று நிற்கும். கடைக்காரருக்கு இருபதில் கொஞ்சம், நாற்பதில் அதிகம், அறுபதில் மகன் கல்லாவில். ஆட்டக்காரனுக்கு எல்லாம் தலைகீழ்.

வரியை எடுத்துக்கோங்க. ஐ.பி.எல்.-இல் இந்திய ஆட்டக்காரருக்கு அணி பிடிக்கிற டி.டி.எஸ். 10 சதவீதம் மட்டும். ஒரு கோடிக்கு ஏலம் போன பையன் கணக்கில் 90 லட்சம் வந்து உட்காரும். அதில் இன்னும் சுமார் 20 லட்சம் அரசாங்கத்தினுடையது. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று 15-ஆம் தேதிக்கு 15-ஆம் தேதி முன்வரி கட்டணும். யார் சொல்வது அவனுக்கு? வீட்டில் அதற்குள் கிரகப்பிரவேச தேதி குறித்திருப்பார்கள். அடுத்த ஏலத்தில் பெயர் வரவில்லை என்று வைத்துக்கோங்க, நோட்டீஸ் மட்டும் தவறாமல் வரும்.

ஊதாரியாக இல்லாதவனும் இதில் மாட்டுவான். ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை குத்துச்சண்டையில் உலகச் சாம்பியன். 1942-இல் ரெண்டு சண்டையின் பணத்தை அமெரிக்கக் கடற்படை, ராணுவ நிவாரண நிதிகளுக்கே கொடுத்தார். பின்னாளில் அதே அரசாங்கம் வரி பாக்கி என்று துரத்தியது, வட்டியோடு 10 லட்சம் டாலரைத் தாண்டியது. கடைசியில் லாஸ் வேகஸ் சூதாட்ட ஓட்டலில் வருகிறவர்களுக்குக் கை கொடுத்து வரவேற்கும் வேலை. கூடைப்பந்துக்காரர் டிம் டங்கன் அடக்கமான மனுஷன், அவரை ஏமாற்றிய நிதி ஆலோசகர் 2017-இல் ஜெயிலுக்குப் போனார். உசேன் போல்ட் கணக்கில் 2023 ஜனவரியில் பார்த்தால் 1 கோடி 27 லட்சம் டாலர் இருக்க வேண்டிய இடத்தில் மிச்சம் 12,000. முதலீட்டு நிறுவனத்துக்குள்ளேயே மோசடி. டங்கனும் போல்ட்டும் தெருவுக்கு வரவில்லை, வேறு சொத்து இருந்தது. அந்த ஒரே கணக்கை நம்பியிருப்பவன் என்ன ஆவான்?

களியக்காவிளைக்காரன்:
அதெல்லாம் அமெரிக்கா, ஜமைக்கா. இங்கே நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறைக் கணக்கு:
சரி. ஊரும் பேரும் வேண்டாம், எந்த ஆட்டம் என்பதும் வேண்டாம். எங்க ஆபீசுக்கு ஒருத்தர் துணிக்கடைப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேசையில் கொட்டினோம். ஒப்பந்தத் தாள் ரெண்டு, ஒன்றில் கடைசிப் பக்கம் இல்லை. கார் தவணைப் புத்தகம். நகைப் பணயச் சீட்டு நாலு, நாலும் மனைவி நகை. பிரிக்காத வருமான வரிக் கவர்கள், ஒன்றின் மேல் குழந்தை ஸ்கெட்ச் பேனாவில் கோழி வரைந்திருந்தது. அடியில் ஒரு வங்கி நோட்டீஸ். அந்தக் கடன் அவருடையதே இல்லை. கூடப் படித்தவன் ஜிம் வைக்க வாங்கியது, இவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஜிம் மூடி ரொம்ப நாள் ஆச்சு, நண்பன் கல்ஃபில். 'கையெழுத்துத்தானே கேட்டான், காசா கேட்டான்' என்றார். ஆட்டோகிராஃப் போட்டுப் பழகிய கை. பையில் பார், புலி, பங்களா எதற்கும் பில் இல்லைங்க அண்ணா.

குமுளி ஏலக்காய்:
ஜாமீன் கையெழுத்து! அதில் போன தோட்டங்களைப் பற்றித் தனியாக ஒரு விவாதமே வைக்கலாம்ப்பா.

மார்த்தாண்டம் பி.டி. டீச்சர்:
எல்லாரும் கையில் வந்த காசைப் பற்றியே பேசுகிறீர்கள். காலுக்கு அடியில் இருந்த பலகை போனதைப் பற்றி யாரும் பேசவில்லை. கால்பந்துக்காரர் ஐ.எம். விஜயன் திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்ற பையன். கேரளா போலீஸ் அணி எடுத்தது. அந்த அணி 1990, 1991 இரண்டு வருஷமும் ஃபெடரேஷன் கோப்பை வென்றது. இடையில் கொல்கத்தா கிளப், பஞ்சாபின் ஜே.சி.டி. கிளப் என்று போய் நாலு காசும் பார்த்தார். திரும்பி வர ஓர் உத்தியோகம் இருந்தது. 2025-இல் போலீஸ் அதிகாரியாக ஓய்வு, அதே வருஷம் பத்மஸ்ரீ. அவர் விஜயன் என்பதால் மட்டும் அல்ல. டைட்டானியம் கம்பெனி, எஸ்.பி.டி. (ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர்), நம்ம பக்கம் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, தென்னக ரயில்வே எல்லாம் பந்து ஆடுகிறவனுக்கு மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் கொடுத்த இடங்கள். எஸ்.பி.டி. 2017-இல் எஸ்.பி.ஐ.யோடு சேர்ந்து பெயரே போய்விட்டது.

இப்போது என் மாணவர்கள் கேட்பது ஐ.எஸ்.எல். கால்பந்து லீக் மட்டும். தப்பில்லை, நம்ம இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் அந்த மேடைவரை போனவர்தான். ஆனால் 2020 நவம்பரில், சீசனின் முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடிபட்டு அந்த சீசன் முழுக்க வெளியே இருந்தார். பெரிய கிளப், ஒப்பந்தம், டாக்டர் எல்லாம் உண்டு. செவன்ஸ் பையனுக்கு அப்படி ஆனால்? தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கணக்கில் செவன்ஸ் வராது. ஒப்பந்தம் கிடையாது, காப்பீடு கிடையாது. ஸ்கேன் எடுக்கவே ஊரில் காசு பிரிக்க வேண்டும். கிரிக்கெட் வாரியமாவது 2022-இல் பென்ஷனை உயர்த்தி, குறைந்தபட்சம் 30,000 ஆக்கியது. காம்ப்ளி அடுத்தடுத்த டெஸ்டில் இரட்டைச் சதம் அடித்தவர், சராசரி 54, கடைசி டெஸ்ட் ஆடியபோது 23 வயது. அந்தப் பென்ஷனும் இல்லை என்று நினைத்துப் பாருங்கள்.

களியக்காவிளைக்காரன்:
டீச்சர், உத்தியோகம் இருந்தால் நல்லதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உத்தியோகம் இல்லாமலே ஒழுங்காக இருக்கிறவர்களும் உண்டே. சின்னப்பம்பட்டி நடராஜன் 2017-இல் ஐ.பி.எல்.-இல் 3 கோடிக்கு ஏலம் போனார். தறிக் குடும்பம். அவர் வீட்டுக்கு உறவுக்காரர் வந்திருக்க மாட்டார்களா? சொந்த ஊரில் கிரிக்கெட் மைதானமே கட்டினார். அமெரிக்கக் கால்பந்துக்காரர் கிரான்கவ்ஸ்கி, சம்பளத்தைத் தொடவே இல்லை, விளம்பரக் காசில்தான் வாழ்ந்தேன் என்று எழுதினார். முடிகிறவனுக்கு முடிகிறது.

மார்த்தாண்டம் பி.டி. டீச்சர்:
விளம்பரக் காசு வருகிறவருக்குச் சம்பளத்தைத் தொடாமல் இருக்க என்ன கஷ்டம்? நடராஜனைப் பற்றி எனக்கும் பெருமைதான். ஆனால் நீந்தத் தெரிந்த ஒருவரைக் காட்டி, மூழ்கியவன் எல்லாம் திமிர் பிடித்தவன் என்று சொல்ல முடியாது.

ஆலன் ஐவர்சன் கதை தெரியுமா? கூடைப்பந்தில் 15 கோடி டாலருக்கு மேல் சம்பளம், அவ்வளவும் போச்சு என்று செய்தி. ஆனால் ஷூ கம்பெனி 2001-இல் போட்ட ஒப்பந்தத்தில் 3 கோடி டாலருக்கு மேல் ஓர் அறக்கட்டளையில் பூட்டி வைத்தது. அவருக்கு 55 வயது ஆகும்போது, அதாவது 2030-இல்தான் திறக்கும். வருஷா வருஷம் ஒரு தொகை தனியாக வரும். அந்த மாதிரி இங்கேயும் முதல் ஒப்பந்தத்திலேயே மூன்றில் ஒரு பங்கைக் கட்டாயமாகப் பூட்டி வைத்தால் என்ன?

நீரோடி பத்து:
இதில் நான் உங்களோடு இல்லை டீச்சர். எங்கள் காசை இன்னொருத்தர் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொள்வதா? அக்கா கல்யாணம் 55 வயதுவரை காத்திருக்குமா? அன்று அந்தக் காசு கையில் இல்லாவிட்டால் வட்டிக்கு வாங்கியிருப்பேன். அப்புறம், பூட்டுகிறவர் யார்? இப்போதுதான் போல்ட் கதையைச் சொன்னார் கணக்குத் தம்பி. பூட்டு போட்ட இடத்தில்தானே திருடு போனது?

களியக்காவிளைக்காரன்:
முதல் தடவையாக நானும் நீரோடியும் ஒரே பக்கம். வளர்ந்த ஆணுக்குப் பாக்கெட் மணி கொடுக்கிற ஏற்பாடு எனக்கும் பிடிக்கவில்லை. அவன் காசு, அவன் பொறுப்பு. தொலைத்தாலும் அவன் பொறுப்பு என்றுதான் நான் காலையிலிருந்து சொல்கிறேன்.

மார்த்தாண்டம் பி.டி. டீச்சர்:
பி.எஃப். பிடிக்கும்போது யாரும் இப்படிக் கோபப்படுவதில்லை, கவனித்தீர்களா?

நீரோடி பத்து:
பி.எஃப்.பில் கல்யாணத்துக்கு எடுக்கலாம் டீச்சர். முட்டி ஆபரேஷனுக்கும் எடுக்கலாம். அப்படி ஒன்று கொண்டு வந்தால் முதல் கையெழுத்து என்னுடையது.

சரி, ஒரு காரியம் கேட்கணும். அதே அக்கா மகனுக்கு 17 வயது. ஓர் அகாடமி ஒப்பந்தம் கொடுத்திருக்கிறது, அத்தான் வாசிக்காமலே பேனாவைத் திறந்துவிட்டார். கணக்குத் தம்பி, என்ன பார்க்கணும்?

கொழிஞ்சாம்பாறைக் கணக்கு:
கடைசிப் பக்கம் இருக்கா என்று முதலில் பாருங்க. அடிபட்டால் செலவு யாருடையது, ஆடாத மாதத்துக்கும் சம்பளம் உண்டா, நடுவில் வேறு கிளப் கூப்பிட்டால் விடுவார்களா, ஏஜென்ட் பங்கு எத்தனை சதவீதம், எதற்கெல்லாம். இந்த நாலையும் வாயால் சொன்னால் போதாது, தாளில் இருக்கணும். பையன் மைனர், அதனால் அத்தான் கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும். ஆனால் பணம் பையன் பெயரில் உள்ள கணக்குக்கே வரட்டும். வந்த அன்றே வரிப் பங்கைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்க, அதற்கு ஏ.டி.எம். கார்டு வாங்கவே வேண்டாம்.

களியக்காவிளைக்காரன்:
பையன் பெயரிலா? 17 வயதில்? அம்மா பெயரில் போடச் சொல்லுங்கள் தம்பி.

நீரோடி பத்து:
அம்மா பெயரில் போட்டால் திருவிழாக் கமிட்டி நேரே அங்கே போகும் அண்ணே. பையன் பெயரிலேயே இருக்கட்டும். தாளை போட்டோ எடுத்து ராத்திரி அனுப்புகிறேன், கணக்குத் தம்பி.